மஞ்சள் வயரும் ஃபோர்ட்ரான் வரியும்

புது மெஷின் வந்துவிட்டால் பழைய கருவி இனி எதற்கு என்று யாராவது ஆரம்பித்தால் நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவேன். வேலையில் இருந்த காலம் முழுக்க இதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இருபத்து நாலு வயதில் அந்தப் பதிலை என் கையாலேயே எழுதினேன். சென்னைக்கு எடுத்துப் போய் ஒரு மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்ததும் சந்தோஷப்படவும் செய்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு பழைய பங்களாவின் கீழ்க்கட்டில் எங்கள் ஆபீஸ். கடலோரக் குப்பங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். ஆண் துணை இல்லாத குடும்பங்கள் எவை என்று பார்த்துப் பட்டியல் போட்டால், அந்தக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் வருஷத்துக்கு இரண்டு புடவையும் கிடைக்கும். திட்டத்தின் பேர் வேண்டாம். அது செத்து வெகுகாலம் ஆகிறது.

நான் சிதம்பரத்துப் பெண். கணக்கில் பி.எஸ்சி. முடித்திருந்தேன். காலை பாசஞ்சரில் ஏறி, கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டி, கரி படிந்த முகத்தோடு திருப்பாதிரிப்புலியூரில் இறங்குவேன். ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. குடும்பத் தலைவர் இருக்கிறாரா, போனபோது வீட்டில் இருந்தாரா, என்ன தொழில், போன மாதம் என்ன வருமானம், எத்தனை மணிக்குப் போய் விசாரித்தார்கள் என்று படிவத்தில் எழுதியிருப்பதை எல்லாம் அட்டையில் துளைகளாகத் தட்டுவது என் வேலை. ஐப்பசி மழையில் அட்டை உப்பிப்போய் மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் தகர பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரியவிட்டு, அட்டைகளை அதற்குள் அடைத்து வைத்திருப்போம். புதிதாக வருகிறவர்கள் பீரோவுக்குள் எதற்கம்மா விளக்கு என்று கேட்பார்கள். குஞ்சு பொரிக்க என்று சொல்வேன். பாதிப் பேர் நம்பிவிடுவார்கள்.

தட்டிய அட்டைகளை எண்ணிக் கூட்டிப் பட்டியல் அடிக்க, பெரிய அலமாரி அளவுக்கு ஒரு மெஷின் வாடகைக்கு வந்திருந்தது. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. எந்தத் துளையைப் பார்க்க வேண்டும், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு போர்டு சொல்லும். தாம்பாளம் அகலத்துக்கு நூற்றுக்கணக்கான ஓட்டைகள் போட்ட போர்டு. ஓர் ஓட்டையிலிருந்து இன்னோர் ஓட்டைக்கு வயரைச் சொருகுவார்கள். எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் மெஷினுக்கு உத்தரவு. இப்போது புரோகிராம் என்கிறோமே, அன்றைக்கு அது அந்த வயர்கள்தான். போர்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் மெஷின் வேறு வேலை செய்யும்.

வயர் சொருகுகிறவருக்கு ஆபீசில் போர்டுக்காரர் என்று பேர். ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனுக்குத் தெற்கே ஒரு குப்பம் அவருக்கு. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு படகும் இரண்டு கட்டுமரமும் இருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சென்னையில் மூன்று மாதம் வயரிங் கற்று வந்தவர். மெஷின் ஓடினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் நாங்கள் இரண்டு வருஷம் பேசாமலே பழகினோம். என் மேஜையில் அட்டைக் கட்டை வாங்க வரும்போது ஒரு சிரிப்பு. மத்தியானம் மெஷின் நின்றதும் அவர் தூக்குச் சட்டியிலிருந்து வறுத்த மீன் ஒரு துண்டு என் பக்கம் நகரும். எங்கள் வீட்டு மோர்க்குழம்பு அந்தப் பக்கம் போகும். மூன்றாம் வருஷம்தான் பேசினோம். பேசியபோது எல்லாமே முடிவாகியிருந்தது. அவர் என்னை நீ என்றார். நான் கடைசிவரை நீங்கள்தான்.

அவர் என்ன சாதி, நாங்கள் என்ன சாதி என்று நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே நாலு காணி நஞ்சை வைத்துக்கொண்டு, காட்டுமன்னார்கோயில் வரைக்கும் சொந்தம் பரவிக் கிடக்கிற வீடு எங்களுடையது. அப்பாவிடம் போய் நிற்க எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்று நான் நினைத்தேன். அவருடைய வேலை. மெஷின் ஆபரேட்டர், மின்விசிறி இருக்கிற ஆபீஸ், மாதம் பிறந்தால் சம்பளம். அதைச் சொன்னால் அப்பா கொஞ்சமாவது இறங்கிவருவார். வேலை இல்லையென்றால் கல்யாணம் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகவே போட்ட கணக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஃபோர்ட்ரான் என்ற பாஷையில் உத்தரவுகளை வரி வரியாக எழுதி, அதையும் அட்டையில் தட்டிக் கொடுத்துவிட்டால் போதும், வயரே வேண்டாம் என்றார்கள். பட்டதாரிதான் வேண்டும் என்பதால் எங்கள் அதிகாரி என்னை ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். போர்டுக்காரர்தான் ரயிலேற்றிவிட்டார். "நல்லாக் கத்துக்கிட்டு வா. வந்து எனக்கும் சொல்லு"ன்னார். பொறாமை ஒரு பொட்டு கிடையாது அந்த மனுஷனிடம். எனக்கு இருந்திருக்கும்.

ஃபோர்ட்ரான் எனக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி இறங்கியது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நானே எதிர்பார்க்கவில்லை. மயிலாப்பூரில் அத்தை வீட்டு மாடியில் உட்கார்ந்து, எங்கள் கணக்கெடுப்பு விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, போர்டு செய்கிற வேலை முழுவதையும் நாலு பக்கத்தில் எழுதி முடித்தேன். அதிகாரி ஒரு யோசனை சொன்னார். அதே அட்டைகளைப் போர்டு மெஷினிலும் ஓட்டுவது, கம்ப்யூட்டரிலும் ஓட்டுவது, இரண்டு பட்டியலும் ஒன்றாக வந்தால் மெஷினையும் போர்டையும் வாடகைக்குக் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிடுவது. போர்டுக்காரர் தற்காலிக ஊழியர். போர்டு போனால் அவரும் போக வேண்டியதுதான். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நான் எழுதாவிட்டால் இன்னொருத்தர் எழுதுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பட்டியல்கள் ஒன்றாக வரவில்லை. போர்டு சொன்ன குடும்பங்களில் நாற்பத்தொன்று கம்ப்யூட்டர் பட்டியலில் இல்லை. ஒன்றாக வராதவரை போர்டும் போகாது, அவர் வேலையும் போகாது என்று எனக்கு உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "போர்டுல எங்கியோ வயர் மாத்திச் சொருகியிருக்காங்க. பழைய சாமான் இல்லியா"ன்னார். கம்ப்யூட்டர் தப்புச் செய்யும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கமாட்டார்கள். அது கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, ஏ.சி. அறைக்குள் போய்ப் பார்க்கிற பொருள்.

நாற்பத்தொரு அட்டையையும் தனியே எடுத்து, அவற்றின் படிவங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாமே மீன்பிடிக் குடும்பங்கள். எல்லாவற்றிலும் குடும்பத் தலைவர் இருக்கிறார். ஆனால் விசாரிக்கப் போனபோது வீட்டில் இல்லை. பக்கத்தில், விசாரிக்கப் போனவரின் கையெழுத்தில் ஒரே வாக்கியம், "கடலுக்குப் போயிருக்கார்." அப்படியென்றால் ஆண் துணை உள்ள வீடு. அரிசி கிடையாது. விதிப் புத்தகப்படி என் புரோகிராம் சரி.

மறுநாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், படிவங்களைப் போர்டுக்காரர் முன்னால் போட்டேன். அவர் படிக்கவில்லை. போர்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, நூறு வயருக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் வயரை விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது நான் போட்டது. புத்தகத்துல கெடையாது."

"எதுக்கு?"

"எங்க பக்கத்துல கடல்ல போனவன் பொணம் கெடைக்கலன்னா, அவன் செத்துட்டான்னு பொண்டாட்டி வாயால சொல்லமாட்டா. தாலியும் எடுக்கமாட்டா. யாரு வந்து கேட்டாலும் கடலுக்குப் போயிருக்கார்னுதான் பதில். அஞ்சு வருஷம் ஆனாலும் அதான். எழுத வந்தவன் திருவண்ணாமல பக்கத்து ஆளு, அவனுக்கு என்னா தெரியும்? சொன்னத எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

"நெசமாவே கடலுக்குப் போயிருந்தா?"

அவர் படிவத்தில் விசாரித்த நேரத்தைக் காட்டினார். மத்தியானம் இரண்டு, மூன்று, மூன்றரை. "விடியறதுக்கு முன்ன போற கட்டுமரம் பத்து பதினோரு மணிக்கெல்லாம் கரையேறிடும். ரெண்டு மணிக்கு எவன் கடல்ல இருப்பான்? சரி, வெளியூருக்கே தொழிலுக்குப் போயிருக்கான்னு வையி, ஒரு மாசத்துல கையில காலணாவாவது வந்திருக்கும்ல. இங்க பாரு, வருமானம் எதுலயும் இல்ல. மீன்பிடி வீடு, மத்தியானத்துல ஆளு இல்ல, ஒரு மாசமா வருமானம் இல்ல. மூணும் சேந்தா அந்த வீட்டுல ஆம்பள இல்லன்னு எடுத்துக்கன்னு மெஷினுக்குச் சொல்லியிருக்கேன். ஒவ்வொரு வீடா நானே போயிப் பாத்துட்டேன். ஒண்ணு கூடத் தப்பு இல்ல."

இரண்டு வருஷத்துக்கு மேலாக நான்தான் அந்த அட்டைகளைத் தட்டினேன். அந்த வாக்கியத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன். நெல் விளைகிற ஊர்க்காரிக்குக் கடலுக்குப் போனவர் என்றால் கடலுக்குப் போனவர்தான்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது, எனக்கு எதற்கும் கடைசியில் கோபம்தான் வரும். "இத முன்னாடியே அதிகாரிகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? இப்பச் சொல்லுங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது போர்டுக்குத் தெரியும்னு சொல்லுங்க. போர்டு இல்லாம நடக்காதுன்னு நானும் எழுதித் தரேன்."

"கேக்காம வயர் போட்டேன்னு சொன்னா, போர்டத் திருத்திட்டான்னு எழுதுவாங்க. அந்த வயரப் புடுங்கிடுவாங்க. நாப்பத்தொரு வீட்டுக்கும் அரிசி நின்னுடும்." மஞ்சள் வயரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ எழுதறியே, அதுல இத ஒரு வரியாப் போட முடியுமா?"

"முடியும்."

"ஒரே வரியா?"

"ஒரே வரி."

"அப்பப் போட்டுடு."

"போட்டுட்டா ரெண்டு பட்டியலும் ஒண்ணா வந்துடும். போர்டு போயிடும். புரியுதா உங்களுக்கு?"

"ஒரு வரியில வந்துடும்னா, அப்பறம் போர்டு எதுக்கு?"

அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் படிவங்களை அள்ளிக்கொண்டு என் மேஜைக்குப் போய், தலையைக் குனிந்து அழுதேன். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டதால் யாருக்கும் கேட்கவில்லை.

போட்டேன். அதிகாரியிடம் போர்டைப் பற்றி மூச்சு விடவில்லை. குப்பங்களில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது படிவங்களைப் பார்த்ததில் தெரிந்தது, விதியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "கெட்டிக்காரிம்மா நீ"ன்னு தட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். போர்டுக்காரருக்குரிய பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சென்னையில் மறுபடி ஓட்டினோம். நாற்பத்தொரு வீடும் வந்து சேர்ந்தது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. காகிதம் அடித்து அடித்து வெளியே வரும்போது, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அவரும் நினைவில்லை, கல்யாணமும் நினைவில்லை. என் வரி சரியாக இருக்கிறது என்ற சந்தோஷம் மட்டும்தான். நான் சொன்னேனே, அந்தச் சந்தோஷம்.

அந்த வரி ரொம்ப நாள் வாழ்ந்தது. பிற்காலத்தில் ஃபோர்ட்ரானையே பழசு என்றார்கள். மெஷின்கள் நாலைந்து மாறின. ஒவ்வொரு தடவையும் என் புரோகிராமை மூட்டை கட்டிப் புது மெஷினுக்குக் குடியேற்றினோம். அந்த வரியை ஒருத்தரும் தொடவில்லை, ஏன் இருக்கிறது என்று கேட்டவர்களும் இல்லை. ஒரு கருவிக்குள் யாரோ தெரிந்து வைத்த ஒன்று இருக்கிறவரை அதற்கு மரியாதை உண்டு. அதை வெளியே எழுதி எடுத்துக்கொண்டுவிட்டால் கருவியைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். கருவிக்கு வலிக்காது. அதைத் தெரிந்து வைத்திருந்த ஆளை என்ன செய்வது என்பதற்குத்தான் எந்தப் புத்தகத்திலும் விதி இல்லை.

மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிய வாரத்திலேயே போர்டுக்காரருக்கு வேலை முடிந்தது. அந்த வாரம்தான் நான் வீட்டில் வாயைத் திறந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று பயம். அப்பா வாய்க்காலில் மடை மாற்றிவிட்டு, முழங்கால் சேற்றோடு வாசலில் நின்றிருந்தார். சொன்னேன். குப்பத்தைச் சொன்னேன். சாதியைச் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா பாத்திரத்தைப் போட்ட சத்தம் கேட்டது. அப்பா ரொம்ப நேரம் சேற்றை வழித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஒழுங்கான ஆளா?"

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷின் ஆபரேட்டர்ப்பா. கவர்மெண்டு மாதிரிதான். நிரந்தரம் ஆயிடும்." கேட்காத கேள்விக்கு, இல்லாத வேலையை, கூச்சநாச்சமில்லாமல் சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. சித்தப்பாவையும் கூப்புடறேன்"ன்னார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வேலை என்ற சொல்தான் வேலை செய்தது என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியது.

மறுநாள் கடலூரில், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதோடு விட்டேனா? "ஒண்ணே ஒண்ணு. வேல போனத அப்பாகிட்ட சொல்லாதீங்க. ஆபரேட்டரா இருக்கேன்னே சொல்லிடுங்க. கல்யாணம் ஆனப்பறம் பாத்துக்கலாம்." அந்த மலர்ச்சி ஒரு சுற்றுக் குறைந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "சரி"ன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலிருந்து அழுதுகொண்டே உளுந்து வடை தட்டினாள். நடுவில் என்னைக் கூப்பிட்டு, "அவுங்களுக்கு நம்மூரு கெண்ட மீனெல்லாம் புடிக்குமாடி? கடல் மீனு திங்கறவுங்க, சேத்து வாடைங்கப் போறாங்க"ன்னு கவலைப்பட்டாள். அழுகை ஒரு பக்கம், உபசாரம் ஒரு பக்கம். சித்தப்பா முறுக்கிக்கொண்டு வந்தார், ஆனாலும் வந்தார். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். காலை பாசஞ்சர் ஊதியது கேட்டது. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. அடுத்த வண்டி பதினொன்றரைக்கு. அதற்கடுத்தது மூன்று மணிக்கு. வடை ஆறிப்போய், அம்மா அதைத் திரும்பவும் எண்ணெயில் போட்டாள். நாலு மணிக்குச் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "என்னம்மா ஆச்சி?" அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். இல்லை. அதனால் எல்லாவற்றையும் கொட்டினேன். போர்டு போனது, வேலை போனது, என் கையாலேயே போனது, மஞ்சள் வயர், நாற்பத்தொரு வீடு, நான் சொல்லச் சொன்ன பொய். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன்.

அப்பா கேட்டு முடித்துவிட்டு, "நான் நெல்லு வெதைக்கிறவன். எங்கப்பனும் அதான். எனக்கு என்னா உத்தியோகம் இருக்குது, அந்தப் பையன் உத்தியோகத்த நான் கேக்கறதுக்கு?"ன்னார். "ஒழுங்கான ஆளான்னுதான கேட்டேன். அந்த நாப்பத்தொரு வீட்டு வெவகாரத்த அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே போயி கூட்டியாந்திருப்பேனே." எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். "நாளைக்கு நீயே போ. அப்பா கூப்புட்டாருன்னு சொல்லி அழச்சிக்கிட்டு வா. சித்தப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அன்றைக்குத் தூங்கினேனா என்பது ஞாபகமில்லை. திங்கட்கிழமை முதல் வண்டியில் ஏறி ஓ.டி.யில் இறங்கி, அங்கிருந்து மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கரையில் அவரும் அவர் அப்பாவும் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, சவுக்குத் தோப்பு ஓரமாக வந்தார்.

"ஏன் வரல நீங்க?" எடுத்த எடுப்பில் சண்டைதான்.

"வந்தேன். கிள்ளை வரைக்கும் வந்தேன்."

கிள்ளை சிதம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன். அடுத்து எங்கள் ஊர்தான்.

"வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஆபரேட்டரா இருக்கேங்க, ஆபரேட்டரா இருக்கேங்கன்னு. ஆலப்பாக்கத்துல வந்துச்சி. பரங்கிப்பேட்டையில கூட வந்துச்சி. கிள்ளையில வாயத் தொறந்தா வரல. உங்கப்பா மூஞ்சப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்? வண்டி கெளம்பறப்ப எறங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர் வேலையைப் பற்றிக் கவலையேபடவில்லை, கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், இப்போதே கிளம்புங்கள், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவரும் சிரித்தார். நாலெட்டு வீட்டுப் பக்கம் நடக்கக்கூடச் செய்தார். பிறகு நின்றார்.

"உங்கப்பா வேலையப் பத்திக் கேக்கவே இல்லியா?"

"இல்லவே இல்ல."

"மொத நாளும் கேக்கலையா?"

"கேக்கல. ஒழுங்கான ஆளான்னு மட்டும்தான் கேட்டாரு."

அவர் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். வெடுக்கென்று எடுக்கவில்லை, மெதுவாகத்தான்.

"அப்ப அந்தப் பொய்ய யாருக்காகச் சொன்ன? வேல இல்லாத என்னய வெளியில சொல்லிக்க உனக்கே வெக்கமா இருந்துச்சா?"

அவர் கேட்டதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் போதும், அவர் சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பியிருப்பார், அந்தச் சாயங்காலமே எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அப்பாவிடம் அத்தனை சரளமாகப் பொய் சொன்னவள் நான். வாயைத் திறந்தேன். வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம், "வெயில் ஏறுது. நீ கெளம்பு, ஆபீசுக்கு நேரமாச்சி"ன்னு சொல்லிவிட்டு, வலை பிரிக்கப் போய் அவர் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.